நல்ல நிலையில் உள்ள நாற்பது கணினிகள்

அச்சு இயந்திரத்தில் சிக்கிய ஒரு தாளை நான் உருவி எடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். வரலாற்றுத் துறை அலுவலகத்தில் அந்த இயந்திரம் மூன்று நாளாக வாயில் தாளைக் கவ்விக்கொண்டு நின்றது. துறைத் தலைவர் அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதி, அதற்கு ஒரு நினைவூட்டலும் எழுதி, பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்கு அவசரமாக ஒரு பக்கம் தேவைப்பட்டது. மூடியைத் திறந்தேன், தாளை இழுத்தேன், மூடினேன். எழுத்தர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

மறுவாரம் ஆணை வந்தது. 'கணினி நுட்பம் கைவரப் பெற்றவர்' என்ற முறையில், கலைப்புல இறுதியாண்டு மாணவர்களுக்கான 'நடைமுறை எண்ணியல் திறன்' என்ற கட்டாயப் பாடத்தை நான் நடத்த வேண்டும். நான் தற்காலிக விரிவுரையாளன். பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிகமாக இருக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது பழைய துறைமுகங்களின் சுங்க விதிகள் மட்டும்தான். ஆனால் ஆணையை மறுப்பதற்கு நிரந்தர வேலை வேண்டும்.

எண்ணியல் ஆற்றல் மையத்தின் இயக்குநர் என்னை அன்பாக வரவேற்றார். தமக்கு வரும் மின்னஞ்சல்களை அவர் செயலாளரை அச்செடுக்கச் சொல்லி, ஓரத்தில் பச்சை மையால் பதில் எழுதி, அதைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்வார். நான் உட்கார்ந்திருந்தபோதே அப்படி நான்கு மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினார்.

"தம்பி, நம்ம பிள்ளைங்க நூறு பக்கம் கட்டுரை எழுதுவாங்க. அதை மெயில்ல வெச்சு அனுப்பத் தெரியாது. எனக்கு வெட்கமா இருக்கு. இந்தப் பாடத்துல தியரியே கூடாது. எல்லாம் கையால செஞ்சு பழகணும்," என்றார். சொல்லிவிட்டு, ஐந்தாவது மின்னஞ்சலைக் காணவில்லை என்று மேசைக்கு அடியில் தேடினார்.

நான் அசந்து போனேன். இப்படியும் ஒரு அதிகாரியா என்று மாடிப்படி ஏறும்போது நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு மூன்றாம் மாடி வரைக்கும்தான் தாக்குப் பிடித்தது.

மூன்றாம் மாடியில் ஆய்வகம் இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நாற்பது கணினிகள், நாற்பது உறைகள், நாற்பது நாற்காலிகள். நாற்காலிகளில்கூடப் பாலித்தீன் பிரிக்கப்படவில்லை. கதவின் குறுக்கே ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. துணைவேந்தர் அதை வெட்டித் திறந்துவைப்பார். எப்போது என்று கேட்டேன். பாடத்தில் முழுத் தேர்ச்சி வந்த பிறகு. பயன் நிரூபிக்கப்படாத ஓர் ஆய்வகத்தைத் துணைவேந்தர் திறந்துவைப்பது அவருடைய பதவிக்கு அழகல்லவாம். ஆய்வகம் திறக்காமல் எப்படித் தேர்ச்சி வரும் என்று இயக்குநரைக் கேட்டேன். அவர் பொறுமையாக இரண்டு முறை விளக்கினார். ஒவ்வொரு முறையும் அவருக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது.

சாவி ஸ்டோர் கீப்பரிடம் இருந்தது. நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார். புதன்கிழமைதோறும் நாடாவுக்கு அடியில் குனிந்து உள்ளே போய், உறைகளைத் தம் கையாலேயே தூசி தட்டுவார்.

"நாப்பதும் நல்ல நிலையில இருக்குன்னு பதிவேட்டுல கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். ஒருத்தர் தொட்டுட்டா நிலை மாறிடும். அப்புறம் நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்று என்னிடமே கேட்டார்.

கணினிகளுக்குப் பதிலாக மாணவர்களுக்கு வேறு கருவிகள் வழங்கப்பட்டன. ஆளுக்கு ஒரு விசைப்பலகை, தடித்த காகிதத்தில் அச்சடித்தது. ஒவ்வொன்றிலும் வரிசை எண், முத்திரை. பருவ முடிவில் நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் சான்றிதழ் கிடையாது. மவுஸுக்கு ஓர் அழிப்பான், அதை அவரவரே கொண்டுவர வேண்டும். திரைக்கு என்ன செய்வது என்று வழிகாட்டிக் குறிப்பைப் புரட்டினேன். ஏழாம் பக்கத்தில் ஒரே வரி இருந்தது: 'திரையின் பணியை ஆசிரியர் ஆற்றுவார்.'

ஆற்றினேன். அட்டையில் செய்த ஒரு சதுரச் சட்டத்தைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அதற்குள் என் முகம் தெரியும். அறுபது மாணவர்கள் கீழே உட்கார்ந்து காகிதத்தில் தட்டுவார்கள், அழிப்பானை நகர்த்துவார்கள், 'டிக்' என்று வாயால் சொல்வார்கள். என்ன நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். கோப்பு திறந்தது, எழுத்து பெரிதானது, பக்கம் கீழே போனது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு கட்டளை கொடுத்தால் எனக்குத் தலை சுற்றும். உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன். ரீஸ்டார்ட் ஆகிறது என்று அவர்கள் அமைதியாகக் காத்திருப்பார்கள். அழிக்கும் கட்டளையைப் பழகும் நாளில் ஒரு மாணவன் கண்கலங்கி எழுந்து நின்றுவிட்டான். உங்களைப் போய் எப்படி சார் டெலிட் பண்றது என்றான்.

கோப்பைச் சேமிக்கச் சொல்லும்போது மட்டும் எல்லோர் முகத்திலும் ஒரு கவலை வரும். செய்த வேலையெல்லாம் போய்விடுமோ என்கிற கவலை. நான் "சேவ் ஆயிடுச்சும்மா, பயப்படாதீங்க" என்பேன். முகங்கள் தெளியும். அந்தத் தெளிவைப் பார்ப்பதற்காகவே கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

வகுப்பில் செய்ததையெல்லாம் பதிவுக் குறிப்பேட்டில் படமாக வரைய வேண்டும். திரையைப் பென்சிலால், விளிம்பைப் பேனாவால். அம்புக்குறி அளவுகோல் வைத்துப் போடப்படவில்லை என்று பன்னிரண்டு குறிப்பேடுகளை இயக்குநர் திருப்பி அனுப்பினார். ஒருத்தி திரையின் மூலையில் குப்பைத்தொட்டியை நிறைந்த மாதிரி வரைந்திருந்தாள். பல்கலைக்கழகத்தின் கணினியில் குப்பை இருப்பதாகக் காட்டுவது தவறு என்று பச்சை மையில் எழுதி, விளக்கம் கேட்டிருந்தார்.

அந்த அறுபது பேரில் ஒருத்தியைத் 'தந்தி' என்று கூப்பிடுவார்கள். சைக்கிள் கடைக்காரர் மகள், எங்கள் துறை மாணவி. காகித விசைப்பலகை கைக்கு வந்த நாளிலிருந்து அவள் விரல்கள் சும்மா இருந்ததில்லை. பேருந்தில் மடியில் வைத்துத் தட்டுவாள், உணவு வரிசையில் சுவரோடு ஒட்டி வைத்துத் தட்டுவாள். இன்னொரு திறமையும் அவளுக்கு உண்டு. நூறு வருஷத்துக்கு முந்தைய கிறுக்கல் கையெழுத்தை எல்லாம் செய்தித்தாள் வாசிப்பது போல வாசிப்பாள். அதில் நானே அவளிடம் சந்தேகம் கேட்டிருக்கிறேன்.

நகர ஆவணக் காப்பகத்தில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. எழுத்துத் தேர்வில் அவள் முதலாவதாக வந்துவிட்டாள். மீதி இருந்தது கணினித் தேர்வு ஒன்றுதான். ஒரு பழைய கடிதத்தைக் கொடுப்பார்கள். அதை வாசித்துத் தட்டச்சு செய்து, சேமித்து, மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள். தேர்வு அந்த மாதம் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மாமாவின் கிடங்கில் பொருள்களைப் பெட்டியில் கட்டுகிற வேலை. மாமா இடம் ஒதுக்கி வைத்துவிட்டார்.

"மாமா நல்லவர்தான் சார். ஆனா அங்க வாசிக்கறதுக்கு அட்டைப்பெட்டி மேல இருக்கற அட்ரஸ் மட்டும்தான் இருக்கும்," என்றாள்.

போனில் பழகியதில்லையா என்று கேட்டேன். "போன்ல எல்லாம் தெரியும் சார். அதுல ஃபைல் எங்க இருக்குன்னே நமக்குத் தெரிய வேண்டாம், அதுவா எங்கயோ வெச்சுக்கும். கம்ப்யூட்டர் அப்படி இல்லையாமே." கடைத்தெருவில் இரண்டு கணினிக் கடைகள் இருந்தன. இரண்டிலும் கடைக்காரரே உட்கார்ந்து அடித்துக் கொடுப்பார், யாரையும் தொட விடமாட்டார். இந்த ஊரில் கணினியைத் தொடுவதற்கு அவ்வளவு காவல்.

இருபதாம் தேதிக்குள் அவளை ஒரு உண்மையான கணினி முன் உட்காரவைப்பதாக வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுக்கும்போது அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

முதலில் என் சொந்த மடிக்கணினியை எடுத்து வந்தேன். வாயிற்காவலர் பையைத் திறந்து பார்த்தார். அரசாங்கப் பாடத்துக்குத் தனியார் கருவி கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. சரி, திருப்பிக் கொண்டுபோகிறேன் என்றேன். பிடித்த கருவியை வெளியே விட அனுமதிச் சீட்டு வேண்டும், அது பருவ முடிவில்தான் தருவார்கள். காவலர் அதைத் தம் அறையில் அலமாரி மேல், மற்ற ஆசிரியர்களின் மூன்று மடிக்கணினிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர்களும் யாருக்கோ வாக்குக் கொடுத்தவர்களாக இருக்க வேண்டும்.

பிறகு ஆய்வகத்தை ஒரு மணி நேரம் பயன்படுத்த அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதினேன். காகித விண்ணப்பம் ஏற்கப்படாது என்று திரும்பி வந்தது. எண்ணியல் காலமல்லவா, இணையவழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வகக் கணினியிலிருந்து அனுப்பப்படும் விண்ணப்பங்கள் மட்டுமே பரிசீலிக்கப்படும். இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு தேதியைப் பார்த்தேன். பதினாறு. சிரிப்பு நின்றுவிட்டது.

இயக்குநர் அறை வாசலில் இரண்டு நாள் நின்றேன். அவர் எண்ணியல் விழிப்புணர்வு வாரத்துக்காகப் பேச்சுத் தயாரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை போனபோது, செயலாளர் என் கோரிக்கையை ஒரு தாளில் எழுதி உள்ளே அனுப்பினார். ஓரத்தில் பச்சை மையில் பதில் வந்தது: 'மகிழ்ச்சி. ஆர்வத்தைப் பாராட்டுகிறேன்.'

கடைசியில் போய் விழுந்தது ஸ்டோர் கீப்பரிடம்தான். புதன்கிழமை காலையில், அவர் தூசி தட்டக் கிளம்பும்போது வழியை மறித்துக்கொண்டேன். அவளும் என் பின்னால் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். தமக்கும் ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார். பிறகு எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு துணியைக் கொடுத்தார்.

"தூசி தட்ட வந்திருக்கீங்க. நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வரேன். எனக்கு எதுவும் தெரியாது," என்றார்.

அவர் கதவைத் திறந்துவிட்டுக் கீழே இறங்க, நாங்கள் இருவரும் நாடாவுக்கு அடியில் குனிந்து போனோம். பதினேழாம் எண் கணினியின் உறையை எடுத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பாலித்தீன் சரசரத்தது. பொத்தானை அழுத்தினேன். விசிறி ஒன்று உள்ளே சுற்றத் தொடங்கியது. திரையில் வெளிச்சம் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் வந்தது. கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் அரக்கு முத்திரையிட்ட உறையில் துணைவேந்தரின் பெட்டகத்தில் இருக்கிறது என்று ஸ்டோர் கீப்பர் அப்புறம் சொன்னார். திறப்பு விழாவில் அதை வாசித்து அறிவிப்பார்களாம்.

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அவள் சாயவில்லை. மெல்ல விரலை விசை மேல் வைத்து அழுத்தினாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"சார், அழுத்தினா உள்ள போகுது," என்றாள்.

நான்கு மாதமாகக் காகிதத்தில் தட்டியவளுக்கு அது புதுச் செய்தி. மறுபடி வைத்தாள். அப்புறம் நிற்கவே இல்லை. தன் பெயர், ஊர், படிப்பு, காப்பகத்துக்கு எழுதிய விண்ணப்பம் முழுவதையும் பத்து விரலாலும் அந்தக் கடவுச்சொல் பெட்டிக்குள்ளேயே அடித்தாள். திரையில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக ஓடின. தப்பா சரியா என்று பார்க்க வழியில்லை.

"எல்லாம் புள்ளியாத்தான் சார் வருது," என்றாள். ஆனாலும் அவள் முகம் மலர்ந்திருந்தது. நான் அழாமல் இருக்க ஜன்னலைத் துடைத்தேன்.

அரை மணி நேரம் அப்படி அடித்தாள். இடையிடையே என்டர் விசையையும் பழகிப் பார்த்திருக்கிறாள். தவறான கடவுச்சொல் பலமுறை தரப்பட்டதால் இந்தக் கணினி பூட்டப்பட்டது என்று திரை சிவப்பாக அறிவித்தது. இயந்திரங்களிலேயே நேர்மையானது அதுதான். இயக்குநர் அறைக்கும் தகவல் போய்விட்டது. வியாழக்கிழமை எனக்கு விசாரணைக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. அவளுடைய தேர்வும் அதே பத்து மணிக்கு.

கூடவே போய்க் காப்பக வாசலிலாவது நிற்கலாம் என்றிருந்தேன். முடியவில்லை. அவள் காகித விசைப்பலகையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு தனியாகப் போனாள். நான் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு முன் உட்கார்ந்தேன்.

இயக்குநர் தழுதழுத்த குரலில் தொடங்கினார். "தம்பி, ஒரு மாணவியைக் கொண்டுபோய் மெஷின் முன்னாடி உக்கார வெச்சிருக்கீங்க. இந்தப் பாடத்தோட நோக்கத்தையே கெடுத்துட்டீங்களே."

நோக்கம் கணினி பழகுவதுதானே என்று கேட்டேன்.

"பழகறது வேற, தொடறது வேற. நான் இந்த மையத்துக்கு ஆறு வருஷமா இயக்குநர். இன்னிக்கு வரைக்கும் ஒரு மெஷின்ல கை வெச்சதில்லை. அதனாலதான் ஒரு குறைகூட வந்ததில்லை. நாளைக்கு அறுபது பேரும் தொடணும்னு வந்து நின்னா? தெரியாததைத் தெரியலைன்னு கண்டுபிடிச்சிடுவாங்க தம்பி. அப்புறம் நூறு சதவீதம் எங்க இருந்து வரும்?"

இரண்டாம் உறுப்பினர், அவர் சொன்னதை அப்படியே விழிப்புணர்வு வாரப் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். இயக்குநர் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் உறுப்பினர் கணிதப் பேராசிரியர். அவருக்கு வேறு கவலை. மேலிடத்துப் படிவத்தில் 'பயன்பாட்டில் உள்ள கணினிகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. நாற்பதும் உறைக்குள் இருக்கின்றன. அப்படியென்றால் பூஜ்யம் என்று போட வேண்டும். ஆனால் பருவம் முழுவதும் ஒரு கணினி தினமும் இயங்கியிருக்கிறது, வகுப்பெடுத்திருக்கிறது, சில சமயம் தண்ணீர் குடித்து மறுபடி தொடங்கியிருக்கிறது. என்னைப் பார்த்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாற்பது. இந்நேரம் கடிதத்தை அடித்து முடித்திருப்பாள். உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அவர் 'ஒன்று' என்று எழுதினார்.

எழுதியதும் விசாரணையும் முடிந்துவிட்டது. கணினியின் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க விதிகளில் இடமில்லை. நான் குற்றமற்றவன் என்று ஒருமனதாக முடிவானது. மாலைக்குள் பாட முடிவுகளும் வெளிவந்தன. அறுபதுக்கு அறுபது. நாடா வெட்டத் தேதி குறித்தார்கள்.

சனிக்கிழமை அவள் ஸ்டோருக்கு வந்தாள். விசைப்பலகையைத் திருப்பிக் கொடுத்தால்தான் சான்றிதழ். நான் அங்கேயே காத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை, ஆனாலும் கேட்டேன்.

"எல்லாருக்கும் முன்னாடி நான்தான் சார் அடிச்சு முடிச்சேன். அந்தக் கையெழுத்தை அங்க வேற யாருக்குமே வாசிக்கத் தெரியல. அடிச்சிட்டு சேவ் அழுத்தினேன். அது ஒண்ணுமே சொல்லல."

"எது?"

"கம்ப்யூட்டர்," என்றாள். "நீங்க சொல்வீங்கல்ல சார், சேவ் ஆயிடுச்சும்மா, பயப்படாதீங்கன்னு. அந்த மாதிரி ஏதாவது வரும்னு காத்துட்டிருந்தேன். வரல. சேவ் ஆகலைன்னு நெனச்சு மூடிட்டு, திரும்ப முதல்ல இருந்து அடிச்சேன். அப்பவும் ஒண்ணும் சொல்லல. மூணாவது தடவை அடிச்சிட்டிருக்கும்போது எழுந்திருக்கச் சொல்லிட்டாங்க. முதல் தடவையே சேவ் ஆயிடுச்சாம் சார். அனுப்பத்தான் நேரம் இல்லாம போச்சு."

என் கழுத்தில் அப்போது அட்டைச் சட்டம் இல்லை. இருந்த மாதிரியே இருந்தது. இயக்குநர்மீது நான் நான்கு மாதம் சேர்த்து வைத்திருந்த கோபம் எல்லாம் ஒரே நொடியில் என் பக்கம் திரும்பிவிட்டது. ஊமையாக இருக்க வேண்டிய ஒரு பொருளாக நடிக்கச் சொன்னார்கள். நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்டோர் கீப்பர் விசைப்பலகையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். முக்கால்வாசி எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. இடைவெளி விசை இருந்த இடத்தில் காகிதம் நைந்து, அதன் வழியே ஜன்னல் தெரிந்தது. மற்ற ஐம்பத்தொன்பதும் அவர் பின்னால் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன.

இதை நல்ல நிலை என்று எழுத முடியாது என்றார். சான்றிதழை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். அவருக்கு வருத்தம்தான். பதிவேட்டில் 'சேதம்' என்று எழுதிவிட்டு, 'காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இருபது வருஷத்தில் அந்தக் கட்டத்தில் எதுவும் எழுதியதில்லையாம். நான் சொன்னேன். அவர் நிதானமாக, குண்டு குண்டாக எழுதினார்: 'பயன்படுத்தப்பட்டது.'

அதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டாள். போட்டுவிட்டு, பழக்கத்தில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.